பெட்டகமும் சுவரலுமாரியும்: தீவகத்து வீட்டு மரவேலையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

வீடு பற்றிய ஆய்வு நம்மிடையே இதுகாறும் பெரும்பாலும் இரு வழிகளிலே நடைபெற்று வந்துள்ளது. சிற்ப நூல்களையும் மனையடி சாத்திரத்தையும் ஆதாரமாகக் கொண்டு இலக்கணம் கூறுவது ஒரு வழி. நாற்சார் வீட்டின் முற்றத்தையும் தூணையும் நினைந்து நினைந்து ஏங்குவது மற்றொரு வழி. முதலாவது வழியில் வீட்டைக் கட்டிய மனிதர் இல்லை. இரண்டாவது வழியில் அவ்வீட்டினுள் நுழைய அனுமதிக்கப்படாத மனிதர் இல்லை. ஆகவே, வீட்டை உழைப்பின் விளைவாகவும் உடைமையின் வடிவமாகவும் நோக்கும் மூன்றாவது வழியொன்று தேவைப்படுகின்றது. யாழ்ப்பாணத்துத் தீவகப் பகுதியினை, சிறப்பாக நெடுந்தீவினை மையமாகக் கொண்டு, வீட்டு மரவேலை என்னும் சிறியதொரு விடயத்தினூடாக அவ்வழியிலே சில அடிகள் செல்ல முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயத்தில் நமது கவனம் சென்றமைக்கு ஒரு சிறு சம்பவமே காரணமாயிற்று. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிற் சென்று நெடுந்தீவில் இறங்கிய ஒரு நாள், பழைய கல்வீடொன்று புதுப்பிக்கப்படுவதைக் கண்டோம். வீட்டுக்காரர் புலம்பெயர்ந்தவர். அவர் அனுப்பிய படங்களைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு, முதிய தச்சர் ஒருவர் சுவரோடு சுவராய்ப் பொருந்தும் அலுமாரித் தொகுதியொன்றைச் செய்துகொண்டிருந்தார். முற்றத்திலே கழற்றப்பட்ட பழைய மரப்பெட்டகமொன்று கிடந்தது. அது பற்றிக் கேட்டபோது அவர் கூறியது இது: “உது அந்த வீட்டுப் பொம்பிளையளின்ரை சாமான், தம்பி. தாய்க்குத் தாய் வந்தது. இப்ப செய்யிறது வீட்டோடை சேர்ந்தது. ஆர் வந்தாலும் போனாலும் அது வீட்டோடைதான்.”

தச்சர் வேறுபாட்டைத் தொழிலின் நோக்கிலே கூறினார். எனினும், பெயர்த்தெடுக்கக்கூடிய பெட்டகத்திலிருந்து பெயர்க்கமுடியாத சுவரலுமாரிக்கு நிகழ்ந்த மாற்றத்தினுள்ளே தீவகத்தின் நானூறு ஆண்டுச் சமூக வரலாறு பொதிந்திருப்பதை ஊன்றி நோக்குவோர் உணரலாம்.

2

முதலிற் பொருளாதார அடித்தளத்தை நோக்குவோம். நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புடைய, தட்டையான, சுண்ணக்கற் பாறையாலும் முருகைக்கல்லாலும் ஆன தீவு. போர்த்துக்கேயர் இதனைப் பசுத்தீவு எனும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் டெல்வ்ற் என்றனர். குதிரை வளர்ப்புக்கும் கால்நடைக்கும் பெயர்பெற்ற இத்தீவிலே கல்லுக்குப் பஞ்சமில்லை. சாந்து எதுவுமின்றி முருகைக்கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி எழுப்பிய வேலிகள் இன்றும் தீவெங்கும் காணப்படுகின்றன. கோட்டையின் சிதைவுகளும், குதிரை லாயத்தின் தூண்களும், புறாக்கூடும் அதே கல்லின் சாட்சிகளே.

கல் நிறைந்த தீவிலே மரம் அரிது. ஓங்கி வளர்ந்து மிகுதியாக நின்றது பனை ஒன்றே. பனையின் இயல்பு தீவகத்து வீட்டின் இயல்பை நிர்ணயித்தது. ஏனைய மரங்களில் நடுப்பகுதியே வைரமேறும். பனையிலோ புறப்பகுதி வைரமாகவும் உட்பகுதி சோறாகவும் இருக்கும். எனவே முதிர்ந்த பனையைப் பிளந்தால் நீண்ட, உறுதியான, கறையானுக்கு எளிதில் இரையாகாத சிலாகைகளும் வளைகளும் கிடைக்கும்; உட்சோற்றைக் குடைந்தெறிந்தால் மழைநீரை ஏந்தும் பீலி கிடைக்கும். அகன்ற பலகை மாத்திரம் கிடைக்காது. கூரைக்கும் தூணுக்கும் ஈடிணையற்ற இம்மரம் கதவுக்கும் பெட்டிக்கும் அலுமாரிக்கும் ஏற்றதன்று.

இத்தொழினுட்ப உண்மையிலிருந்து ஒரு சமூக உண்மை பிறக்கின்றது. தீவகத்து வீட்டின் கூரை ஊரின் விளைவு. அதன் பலகை வாணிபத்தின் விளைவு. வன்னியிலிருந்து முதிரையும் பாலையும், குடாநாட்டிலிருந்து வேம்பும் பலாவும், பின்னர் பர்மாவிலிருந்து தேக்கும் கடல்வழியே வந்தே தீரவேண்டும். ஆதலால் ஒரு வீட்டிலே எவ்வளவு பலகை இருந்தது என்பது அவ்வீட்டார் சந்தையோடு எவ்வளவு தொடர்புற்றிருந்தனர் என்பதன் அளவுகோலாயிற்று. பனைமரமோ எதிர்த்திசையிலே சென்றது. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத்துப் பனைமரம் சோழமண்டலக் கரைக்கு ஏற்றுமதியாகி அரசுக்கு வருவாய் தந்தமை வரலாற்றாசிரியர் நன்கறிந்த செய்தி. ஊர் மரம் வெளியே போய், வெளி மரம் ஓரளவினர் வீட்டினுள்ளே வந்தது.

பெரும்பான்மையோர் வீடுகள் மண்சுவரும் பனையோலைக் கூரையும் கொண்ட சிறு குடில்களே. பண்டங்களை வைக்க உறியும் பரணும் கடகமும் போதுமாயிருந்தன. பெட்டகம் என்பது நெல்லும் நகையும் பட்டும் மிஞ்சியவர் வீட்டுப் பொருள்.

3

இனி, மொழி தரும் சான்றினை நோக்குவோம். நெடுநல்வாடை அரண்மனையின் வாயிலையும் கதவையும் தந்தக் கட்டிலையும் விரித்துரைக்கின்றது. தமிழ்த் தச்சனின் கைத்திறன் பழமையானதென்பதற்கு இதுவே போதிய சான்று. ஆயினும் யாழ்ப்பாணத்துத் தமிழர் தம் வீட்டினுள்ளே அன்றாடம் வழங்கும் சொற்களை வரிசைப்படுத்தினால் வேறொரு வரலாறு புலப்படும். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை, குசினி, சாவி என்பன போர்த்துக்கேயர் வழிவந்தவை. மேசையின் லாச்சி ஒல்லாந்தர் தந்த சொல்.

இச்சொற்கள் தமிழில் இல்லாத கருத்துக்களைக் குறிக்க வந்தனவென்று கொள்வது முழு உண்மையாகாது. திறவுகோலும் சாளரமும் அடுக்களையும் நம்மிடம் இருந்தன. ஆயினும் வீட்டிலே பொருளை வைத்துப் பூட்டும் முறையும், உடல் அமரும் முறையும் மாறியபோது சொல்லும் மாறிற்று. உறியிலே தொங்குவது கண்ணுக்குத் தெரியும்; அலுமாரியிலே இருப்பது தெரியாது. கூட்டுக் குடும்பத்தின் பொதுப் பண்டம் தனியுடைமையாகப் பிரிந்து, பூட்டுக்குள்ளே அடைபட்ட போக்கினையே அலுமாரி, லாச்சி, சாவி ஆகிய சொற்கள் பதிவுசெய்துள்ளன எனலாம். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்ட போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் தத்தம் கோட்டைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உள்ளூர்த் தச்சரைக் கொண்டே வேலை வாங்கியிருத்தல் வேண்டும். ஊர்காவற்றுறையின் முகத்துவாரத்திலே நிற்கும் கடற்கோட்டையும் அவ்வாறெழுந்ததே. புதிய பொருத்துகளையும் புதிய பண்டங்களின் வடிவங்களையும் அவர்கள் அங்கே கற்றனர். கற்றவற்றை ஊர்ப் பெரியோர் வீடுகளுக்குக் கொணர்ந்தனர்.

கதிரை வீட்டினுள்ளே வந்தமை சாதியமைப்பைத் தகர்க்கவில்லை. அதற்கு மேலுமொரு படியைச் சேர்த்தது. யாழ்ப்பாணத்து வீடு ஒரே தளத்தில் அமைந்ததன்று. முற்றம், திண்ணை, விறாந்தை, உள்ளறை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு படி உயர்ந்தது. யார் எந்தப் படிவரை வரலாம் என்பது வழமையாக வரையறுக்கப்பட்டிருந்தது. முற்றத்தில் நிற்பவர், திண்ணையில் இருப்பவர், பாயில் இருப்பவர், கதிரையில் இருப்பவர் என மனிதர் தரம்பிரிக்கப்பட்டனர். வீட்டைக் கட்டியவரும் கல்லைச் சுமந்தவரும் பனையைத் தறித்தவரும், வீடு குடிபூரலின் பின் அதன் உள்ளறையைக் காணாதவராயினர். அடிமைமுறை 1844இல் சட்டப்படி நீங்கியது, படிகள் நீங்கவில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டமும், 1966 ஒக்டோபர் 21இல் எழுந்த வெகுசன இயக்கமுமே அப்படிகளை அசைத்தன. செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயண’மும் (1965) கே. டானியலின் ‘பஞ்சம’ரும் (1972) அப்போராட்டத்தின் இலக்கிய வெளிப்பாடுகள். நாற்சார் வீட்டின் அழகைப் பேசுவோர் அந்நாவல்களையும் உடன் வைத்துப் படித்தல் நன்று.

4

உடைமையின் வடிவம் சட்டத்திலே தெளிவாகத் தெரியும். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்து, 1806இல் பிரித்தானியர் உறுதிப்படுத்திய தேசவழமை, சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்வழி சென்றன. மகளின் கலியாணத்தின் பொருட்டு வீடு திருத்தப்படுதலும், அறை கூட்டப்படுதலும், புதிய அலுமாரி செய்யப்படுதலும் இவ்வழமையின் உடன்விளைவுகளே. தீவகத்துத் தச்சரின் தொழிற்காலம் பெருமளவுக்குக் கலியாணக் காலமாக அமைந்ததும் இதனாலேயாம்.

வீடு பெண்ணுக்குரியது என்பதனால் அதிகாரமும் பெண்ணிடம் இருந்ததென்று முடிவுசெய்வோர் உளர். இங்கேதான் பெட்டகத்துக்கும் சுவரலுமாரிக்கும் உள்ள வேறுபாடு முக்கியத்துவம் பெறுகின்றது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைகள் பற்றிய 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், மணமான பெண் தன் அசையும் சொத்தைக் கணவனின் சம்மதமின்றிக் கையளிக்கலாமென்றும், அசையாச் சொத்தைக் கையளிக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்றும் வகுத்தது. மறுபுறம், நாட்டின் பொதுச்சட்டமான உரோமன்–டச்சுச் சட்டத்தின்படி நிலத்தோடு நிலையாக இணைக்கப்பட்டது நிலத்தின் பகுதியாகிவிடும். பொருளின் இயல்பு, அது இணைக்கப்பட்ட முறை, இணைத்தவரின் நோக்கம் ஆகிய மூன்றும் அதற்கான உரைகற்கள்.

இவ்விரு விதிகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் பெறப்படுவது யாது? பெட்டகம் அசையும் பொருள். பஞ்சத்திலோ நோயிலோ பெண் அதனைத் தானே விற்கலாம், மகளுக்குத் தானே கொடுக்கலாம். அதே பலகை சுவரிலே பொருத்தப்பட்டுச் சுவரலுமாரியாகியதும் அசையாச் சொத்தின் பகுதியாகிறது. அதன்மீதான அவளது தனியதிகாரம் கணவனின் கையொப்பத்துக்கு உட்பட்டுவிடுகின்றது. சீதன வீட்டை மேலும் செழுமையாக்கும் ஒவ்வோர் ஆணியும் அவள் பெயரிலுள்ள சொத்தைப் பெருக்கி, அவள் கையிலுள்ள சொத்தைச் சுருக்கிற்று எனலாம். இவ்வேற்பாட்டைத் திருத்த வேண்டுமென்னும் குரல் பெண்ணுரிமையாளர் மத்தியிலிருந்து தொடர்ந்து எழுந்து வந்துள்ளமை நியாயமானதே. நெடுந்தீவுத் தச்சர் “பொம்பிளையளின்ரை சாமான்” என்று சொன்ன சொல்லிலே சட்டநூலுக்குச் சற்றும் குறையாத கூர்மை உண்டு.

5

சுவரலுமாரி பரவலாயினமைக்கு வேறு காரணிகளும் உள. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தினர் மலாயாவுக்கு எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணமும், பின்னர் பெற்ற ஓய்வூதியமும் ஊரிலே கல்வீடுகளாக உருக்கொண்டன. 1865இல் மங்களூரில் பாசல் மிசன் தொடக்கிவைத்த ஓட்டுத் தொழில், மேற்குக்கரை ஓட்டை இந்துமாக்கடற் சந்தைப் பொருளாக்கிற்று. ஓலைக்கூரை இருந்த இடத்தில் ஓடு ஏறிற்று. வள்ளங்களும் தோணிகளும் பர்மா அரிசியோடு தேக்கையும் கொணர்ந்தன. 1905இல் கொழும்புப் புகையிரதப் பாதை யாழ்ப்பாணத்தோடு இணைந்தபின் தரைவழியும் திறந்தது. தச்சரின் திறமை வீட்டோடு நின்றதன்று. வல்வெட்டித்துறையில் 1930இற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தமை அக்கைத்திறனுக்கு உலகறிந்த சான்று.

அக்கால வீட்டின் சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு தடிப்பாக எழுப்பப்பட்டது. தடித்த சுவரிலே விளக்கு மாடம் விடுவது எளிது. அம்மாடத்துக்கே பலகைத் தட்டும் கதவும் இட்டால் சுவரலுமாரி. ஆகவே முதற் சுவரலுமாரி சுவரின் தடிப்பு ஈந்த கொடை. உப்புக் காற்றில் இரும்பு துருவேறிப் பலகையைப் பிளக்குமாதலால், மர ஆணியும் நாவும் துளையும் கொண்டு பொருத்தும் முறையைத் தச்சர் பேணினர். சீவுளியும் உளியும் கொட்டாப்புளியும் மூலைமட்டமுமே அவர்தம் மூலதனம்.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லையே மூலப்பொருளாகக் கொண்ட அச்சீமெந்து, சுவரை மெல்லியதாக்கிற்று. சீமெந்துக்கற் சுவரிலே மாடம் விட இடமில்லை. அலுமாரி இனிச் சுவரினுள்ளே அடங்காது. அறையின் இடத்தை உண்டு முன்னே தள்ளி நிற்கும். வெகுகாலம் பலரது வீடுகளில் சீமெந்துத் தட்டே அதன் இடத்தை நிரப்பிற்று. மலிவான தட்டு வறியோர்க்கும் கிட்டிற்று என்பதையும் நாம் மறுத்தலாகாது. கல்வீடு கட்டுவது சிலரது ஏகபோகமாயிருந்த சமூகத்திலே, சீமெந்துக்கல் ஓரளவுக்கேனும் சனநாயகப்படுத்தும் பங்கினை ஆற்றிற்று. அதே வேளையில் அது தச்சரின் வேலையில் ஒரு பகுதியை மேசனிடம் கையளித்தது.

6

யுத்தம் இவ்வரலாற்றை வெட்டிற்று. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினிப் படகின் பயணிகள் பலர் நடுக்கடலிலே கொல்லப்பட்டனர். அரிசியும் மருந்தும் பலகையும் மனிதரும் வந்துபோன அக்கடல்வழி அன்றிலிருந்து அச்சத்தின் வழியாயிற்று. 1990இல் தீவகத்தின் ஏனைய பகுதிகளிலிருந்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டிலே சீமெந்துத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. காவலரண்களுக்காகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. ஆளற்ற வீடுகளின் கதவும் நிலையும் யன்னலும் கழற்றப்பட்டன. வீட்டோடு நிலையாக இணைந்தது அசையாது என்னும் சட்டக் கோட்பாட்டை யுத்தம் எள்ளி நகையாடிற்று: அசையாதன யாவும் அசைந்தன, அசையக்கூடிய பெட்டகங்களிற் சில, உடையவரோடு வண்டியேறிப் பிழைத்தன. பாதைகள் திறந்தபின் எஞ்சிய பழைய தூண்களையும் கதவுகளையும் தொல்பொருள் வியாபாரிகள் வாங்கிச் சென்றனர். வறுமை விற்றது, வசதி வாங்கிற்று. எந்தக் கதவுக்கப்பால் ஒரு சாரார் நிற்கவேண்டியிருந்ததோ அக்கதவு இன்று எங்கோ ஓர் உல்லாச விடுதியிலே அலங்காரமாக நிற்கக்கூடும்.

இடம்பெயர்ந்தோர் பலர் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும், பாரிசிலும், ரொறன்ரோவிலும் குடியேறினர். தொடர்மாடி வீடு உடைமையின் புதியதொரு வடிவம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ், நிலத்திலே தனியான துண்டெதுவுமின்றி, வான்வெளியிலே ஓர் அலகுக்கும் பொதுக்கூறுகளிலே ஒரு பங்குக்கும் ஒருவர் உரிமையாளராகின்றார். வளவும் கிணறும் பனையும் இல்லாத இவ்வுடைமையிலே தன்னதென்று ஒருவர் அடையாளமிடக்கூடிய இடம் வீட்டின் உட்புறம் ஒன்றே. ஆகவே வசதி படைத்தோர் இரண்டு தட்டுகளை உள்ளே படிக்கட்டால் இணைத்து, படியின் கீழும் கட்டிலின் கீழும் சுவரின் நீளத்துக்கும் அளவெடுத்துப் பொருத்திய மரவேலையால் நிரப்புகின்றனர். இழந்த நிலத்தின் ஏக்கம் அங்கே பலகையாகின்றது என்று கூறின் மிகையாகாது. உயர்ந்த படியும் தாழ்ந்த படியும் அங்கும் உண்டு. சமையலறையின் பின்னே, வேலைசெய்யும் பெண்ணுக்கென ஒதுக்கப்படும் காற்றற்ற சிற்றறையிலே அளவெடுத்த அலுமாரி இருப்பதில்லை.

அவ்வழகியலே இன்று கைத்தொலைபேசிப் படமாக நெடுந்தீவுக்குத் திரும்பி வருகின்றது. மரத்தூளையும் நாரையும் பசையிட்டு அழுத்திய, மேலே பளபளப்பு ஒட்டிய பலகை படகிலே வந்திறங்குகின்றது. ஈரமும் உப்பும் கலந்த காற்றிலே அது ஊதி உப்பும் என்பதைத் தச்சர் அறிவார். படத்தை மீறும் அதிகாரம் அவருக்கில்லை. முன்பு வடிவத்தைத் தீர்மானித்தவர் அவரே. இப்போது வடிவம் வேறெங்கோ தீர்மானிக்கப்பட, அவரிடம் எஞ்சியிருப்பது கைக்கூலி. தொழிலாளி தன் உழைப்பின் விளைவிலிருந்து அந்நியமாதல் என்று மார்க்ஸ் விளக்கிய நிலையை ஆலையிலேதான் காணவேண்டுமென்பதில்லை. கடல் நடுவேயுள்ள ஒரு வீட்டு விறாந்தையிலும் காணலாம். 2022இல் நாடு கடனிறுக்க இயலாத நிலையை அடைந்து, ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த நாணயமாற்று 360 ரூபா அளவுக்குச் சரிந்தபோது, வெளியிலிருந்து வந்த பணம் கனத்தது. ஊரிலே பெற்ற கூலி இளைத்தது. ஒரே வீட்டின் புதுப்பித்தல் ஒருவர்க்கு மலிவாகவும் மற்றவர்க்கு எட்டாததாகவும் ஆயிற்று.

7

மேற்கூறியவற்றால் நாம் புதுப்பித்தலை எதிர்க்கின்றோம் என்று கொள்ளலாகாது. ஒழுகும் கூரையைப் பழமையின் பெயராற் பேணுமாறு எவரையும் கேட்பது நியாயமன்று. புகை சூழ்ந்த குசினியிலே பெண்கள் இருமுவதைக் கண்டும் மரபின் பெருமை பேசுவது மனிதநேயமாகாது. தூரதேசத்திலே இரவு வேலைசெய்து சேர்த்த பணத்தில் தாய்வீட்டைத் திருத்துபவரும் உழைப்பாளியே. புதுப்பித்தல் யாருடைய அறிவைக் கொண்டு, யாருடைய உரிமையைக் கருத்திற்கொண்டு நிகழ்கின்றது என்பதே நம்முன்னுள்ள வினா.

இது குறித்து மூன்று கருத்துக்களை ஆய்வாளரும் ஆர்வலரும் சிந்தித்தல் தகும். முதலாவது, எஞ்சியுள்ள தச்சரின் அளவுமுறைகள், பொருத்துகளின் பெயர்கள், மரம்பற்றிய அறிவு என்பன காலந்தாழ்த்தாது பதிவுசெய்யப்படல் வேண்டும். நாற்சார் வீட்டின் படங்கள் நம்மிடம் ஏராளம். அதைச் செய்த கைகளின் சொற்கள் மிகக் குறைவு. இரண்டாவது, 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் பணிகளிலே கள்ளும் கருப்பட்டியும் ஓலைப்பின்னலும் பெறும் கவனத்தை முதிர்ந்த பனைமரத்தின் தச்சுப் பயன்பாடும் பெறல் வேண்டும். தறித்தலுக்கு ஈடாக நடுதலும் உடன் நிகழல் வேண்டும். மூன்றாவது, வீட்டோடு சேரும் ஒவ்வொரு பொருளும் பெண்ணின் தனியுரிமையைக் குறைக்காதவாறு சட்டம் திருத்தப்படல் வேண்டும்.

நெடுந்தீவிலிருந்து திரும்பும் வேளை அப்பெட்டகம் முற்றத்திலேயே கிடந்தது. அதன் அடிப்பலகை உக்கியிருந்தது; மேல்மூடியும் பக்கங்களும் உறுதியாயிருந்தன. வீட்டுக்காரரின் தமக்கை, ஊரிலேயே வாழ்ந்துவருபவர், அதனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டிருப்பதாகத் தச்சர் கூறினார். அடிப்பலகையை மாற்றித் தருவதற்குக் கூலி வேண்டாமென்று தாம் சொல்லிவிட்டதாகவும் கூறினார். அப்பழுதுபார்ப்பிலே வடிவத்தைத் தீர்மானிப்பவர் தச்சர். பொருளுக்கு உரியவள் பெண். நாம் மேலே வேண்டிய புதுப்பித்தலுக்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நம் பயணத்திலே வேறு கிடைக்கவில்லை.